மாமனார் கையில் போன், மகன் வாயில் சோறு: எங்கே கோடு போடுவது?

போச்சம்பள்ளி பால் பரிசோதகர்
ஆடி முதல் வாரம், இரவு 10.50

வணக்கம். இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஊரில் யாரிடமாவது வாய் திறந்தால், மறுநாள் காலை பால் ஊற்ற வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் பரிசோதகராக இருக்கிறேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குத்தான் வீடு. மாலையில் மூன்றரை முதல் ஆறு வரை மறுபடியும் கேனும் சாம்பிள் பாட்டிலும்தான். கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கினால் பெரிது. மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அவனை எழுப்பிப் பல் துலக்க வைப்பதும், காலைப் பலகாரம் ஊட்டுவதும், மாலையில் பள்ளி வேனிலிருந்து இறக்கிக்கொள்வதும் என் மாமனார்தான். அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்கே போக முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ‘வீட்டுப் பெரியவரைக் குறை சொல்ல வந்துவிட்டாள்’ என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

மாமாவிடம் பெரிய திரை போன் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. காலையில் நான் திரும்பும்போது திண்ணையில் இந்தக் காட்சி: போன் தண்ணீர்ச் சொம்பில் சாய்ந்து நிற்கும். பையன் வாயைத் திறப்பான், மாமா இட்லியைப் பிட்டு வைப்பார், நான்கு கண்ணும் திரையில். போன வாரம் ஒருநாள் கை குறி தப்பி, தேங்காய்ச் சட்னி முழுவதும் பையனின் கன்னத்தில். துடைக்க வேண்டும் என்று ஊட்டியவருக்கும் தோன்றவில்லை, உண்டவனுக்கும் தெரியவில்லை. நான் வந்து துடைக்கும்போது ‘அம்மா, மறைக்காதே’ என்றான்.

சாப்பிடும்போது போன் கூடாது என்று விதி போட்டுப் பார்த்தேன். ‘தாத்தா பார்க்கிறாரே?’ என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரவிலும் இதேதான். பையன் தாத்தாவின் கட்டிலில்தான் படுப்பான். அவர் மூலிகை வைத்தியம், ஜாதகம், பழைய பாட்டு, செய்தி விவாதம் என்று பதினொன்றரை வரை சத்தமாக ஓட்டுவார். வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பிவிட்டார்.

நானும் உத்தமி இல்லை. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ‘பால்வண்டி வந்துவிட்டதா’, ‘என் பாலுக்கு ஏன் கொழுப்பு குறைவு’ என்று ராத்திரி வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். தவிர, எட்டரை மணிக்கு அவன் அப்பா வீடியோவில் வருவார். அதை எப்படி நிறுத்துவது?

மாமாவிடம் எப்படிச் சொல்வது, எங்கே கோடு போடுவது? சொல்லிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாலக்கோடு தக்காளி மண்டி

இதற்கு இவ்வளவு பெரிய கடிதமா? ரீசார்ஜ் போடாதீர்கள். பத்தே நாளில் தெளிந்துவிடும்.

---

போச்சம்பள்ளி பால் பரிசோதகர்

அண்ணா, மாமா தோப்புக் குத்தகைப் பணம் வந்ததும் ஓராண்டுக்கும் சேர்த்து அவரே போட்டுக்கொண்டுவிட்டார். அவர் போன், அவர் பணம்.

---

ஓசூர் ஷிப்ட்காரன்

சகோதரி, மாமனாருக்குச் சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் போனைக் கவனிப்போம். எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அப்பாவும் எங்களோடுதான்.

யூடியூப் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டிவிடும். ஓடுகிற வீடியோவின் மேலேயே ஆட்டோபிளே என்று சிறு பொத்தான் இருக்கிறது, அதை அணைத்துவிடுங்கள். வீடியோ முடிந்ததும் திரை சும்மா நிற்கும். அந்த இடைவெளியில்தான் ‘போதும், எழுந்து போவோம்’ என்று ஒருவருக்குத் தோன்ற வாய்ப்பே இருக்கிறது.

அடுத்து, இதுவரை பார்த்தவற்றின் பதிவை, அதாவது வாட்ச் ஹிஸ்டரியை, அழித்துவிட்டு இனிமேல் சேமிக்காதபடி நிறுத்தி வையுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அப்படிச் செய்தவர்களுக்கு யூடியூபின் முகப்புப் பக்கம் காலியாகத்தான் வருகிறது. தேடுகிற பெட்டி மட்டும் இருக்கும். எதைப் பார்க்க வேண்டுமோ அதை நினைத்துத் தேட வேண்டும். ஆறு வயதுப் பையனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. பெரியவருக்குப் பிடித்த சேனல்களை மட்டும் சப்ஸ்கிரைப் செய்து கொடுத்தால், அவருக்கு வேண்டியது சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்தில் வந்துவிடும்.

ஆனால் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். என் அப்பாவின் போனில் கேட்காமல் செய்தேன். ‘என் போனிலிருந்த முருகன் பாட்டெல்லாம் திருடு போய்விட்டது’ என்று தெருவில் நான்கு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். அதில் ஒரு வீட்டுக்காரர் போலீசில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்துகிற ஃபேமிலி லிங்க் செயலியைப் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். குழந்தைக்கென்று தனிக் கணக்கும் தனிக் கருவியும் இருக்கிற வீட்டுக்கு அது நல்லது. தாத்தாவின் போனை இரவல் வாங்குகிற பையனுக்கு அதனால் பயனில்லை. போன் செட்டிங்ஸில் இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஒவ்வொரு செயலிக்கும் தினசரி நேரம் வைக்கலாம். நேரம் முடிந்ததும் அந்தச் செயலியின் சின்னம் சாம்பல் நிறமாகிவிடும், நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்கும். என் போனில் எனக்கு நானே அரை மணி நேரம் வைத்திருக்கிறேன். தினமும் அரை மணி முடிந்ததும் நானே போய் அதை ஒரு மணியாக்கிக்கொள்கிறேன். பூட்டுப் போட்டவனிடமே சாவி இருந்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு பக்கக் குறிப்பு. என் அண்ணன் மகனுக்குப் பதினாறு வயது, விளையாட்டில் மூழ்கி இரண்டு மாதம் பள்ளிக்கே போகவில்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையம் அளவு மீறியவர்களுக்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே அழைத்துப் போனோம். உங்கள் வீட்டுக் கதை அந்த அளவுக்குப் போகவில்லை. வீணாகப் பயப்பட வேண்டாம்.

---

அரூர் ஓய்வு பெற்ற ஆசிரியை

மேலே தம்பி எழுதியதெல்லாம் சரிதான். ஆனால் பொத்தானை அணைத்தால் மட்டும் பையன் கையில் இட்லி வந்துவிடாது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், அளவு தெரியாமல் சண்டை போடக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி. சொல்வது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம், உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசுவதைத் தவிர. 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெரியவர் துணையோடு. 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள். அதற்காகத் தூக்கம், விளையாட்டு, படிப்பு எதுவும் குறையக் கூடாது. உங்கள் மகன் வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பதினொன்றரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் கணக்கு என்ன ஆகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் எட்டரை மணி அழைப்பை இதில் சேர்க்காதீர்கள். லாரிக்காரர் மகன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு யாரும் கணக்கு வைக்க வேண்டாம்.

இனி என் மூக்குடைந்த கதை. ஓய்வு பெற்ற புதிதில் எனக்கு வகுப்பறை இல்லாமல் கை அரித்தது போலும். வீட்டு வாசலில் ஒரு பிரம்புக் கூடையை வைத்து, ‘உள்ளே வருவோர் போனை இதில் இடவும்’ என்று அட்டையில் எழுதி மாட்டினேன். பொங்கலுக்கு மருமகன் வந்தார். அட்டையைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் போனைக் கூடையில் போட்டுவிட்டு, சாப்பிட்டு முடித்த கையோடு அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்தக் கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

அதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெரியவர்களுக்கும் மருமகன்களுக்கும் விதி போட முடியாது; உதவி கேட்கலாம். ‘மாமா, போனை வையுங்கள்’ என்றால் உங்கள் வீட்டில் அன்றைக்குச் சமையல் ஆறிப்போகும். ‘மாமா, இவன் வகுப்பில் தூங்குகிறானாம், டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்று நோட்டை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். தீர்ப்பு சொல்கிற இடத்தில் அவரை உட்கார வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். சாப்பாட்டு நேரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் போனும் அணைந்திருக்க வேண்டும். கரண்டியும் போனுமாக நிற்கிற தாயின் பேச்சை எந்தப் பிள்ளையும் கேட்காது, கோபித்துக்கொள்ளாதே அம்மா.

ஒன்று கேட்க வேண்டும். மாமியாரைப் பற்றி நீ எழுதவே இல்லையே?

---

போச்சம்பள்ளி பால் பரிசோதகர்

மாமியார் தவறி இரண்டு வருடம் ஆகிறது, அம்மா. போன் வந்தது அதற்கு அடுத்த மாதம். இதை எழுதும்போதுதான் இரண்டையும் சேர்த்து நினைக்கிறேன்.

---

கிருஷ்ணகிரி பழையபேட்டை

நானும் ஒரு தாத்தா. வயது 71. என் மருமகளும் இப்படி எங்காவது எழுதியிருப்பாளோ என்று சந்தேகப்பட்டுத்தான் முழுவதும் படித்தேன்.

என் மனைவி போன பிறகு இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு விடிவதற்கு நான்கு மணி நேரம் இருக்கிறது. நாற்பது வருடம் பக்கத்தில் ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தாள், நான் பாதியைக் காதில் வாங்கியதில்லை. இப்போது வீட்டில் யாராவது பேசும் சத்தம் கேட்டால் போதும், என்ன பேசுகிறார்கள் என்பது முக்கியமில்லை. அந்தப் போனில் வருகிற மூலிகை வைத்தியரை நான் நம்புகிறேன் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் அரைத்துக் குடித்ததில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பேரன் மடியில் உட்காருவதும் போன் இருப்பதால்தான். இல்லாவிட்டால் தாத்தாவிடம் அவனுக்கு என்ன வேலை? இந்தப் பயம் எங்களுக்கு உண்டு. வெளியே சொல்ல மாட்டோம்.

நான் செய்துகொண்டது இரண்டு. ஒன்று, ஒரு சிறிய ரேடியோ. காலையில் தருமபுரி பண்பலை, 102.5. காதுக்கு வேலை, கண்ணுக்கும் கைக்கும் விடுதலை. தோசை எங்கே போகிறது என்று தெரிகிறது. இன்னொன்று, ஒருநாள் மனம் மிகவும் கனத்துப்போய் 14416-க்குக் கூப்பிட்டேன். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுக்கிறார்கள். தமிழிலேயே பேசினார்கள். இருபது நிமிடம் பேசினேன். இதை என் மகனிடம்கூடச் சொல்லவில்லை, இங்கே பெயர் இல்லாததால் எழுதுகிறேன்.

உன் மாமனாருக்கு என்ன கை வேலை தெரியும், அம்மா? அதைக் கேள். பையனுக்குக் காட்டுவதற்கு அவரிடம் போன் தவிர ஏதாவது இருக்கும்.

---

பாலக்கோடு தக்காளி மண்டி

ரீசார்ஜ் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெரியவரே, வணக்கம்.

---

போச்சம்பள்ளி பால் பரிசோதகர்
ஆவணி கடைசி

பலர் தனிச் செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

டீச்சர் எழுதிய நோட்டை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ‘இவனை ராத்திரி சீக்கிரம் தூங்க வைக்கத் தெரியாதா உனக்கு?’ என்று என்னையே கேட்டார். அரூர் அம்மா சொன்ன தீர்ப்பு இதுதானா என்று எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டேன். ‘சரி மாமா, இனி என்னோடு உள்ளே படுக்க வைக்கிறேன், தூக்கத்தில் உங்கள் இடுப்பில் வேறு உதைக்கிறான்’ என்றேன். இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் நள்ளிரவில் எழுந்து தாத்தாவின் கட்டிலுக்கே போய்விட்டான். இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணிக்குள் தூங்குகிறான். மாமா பதினொன்றரை வரை பார்க்கிறார். அதை நான் தொடவில்லை.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நானூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ரேடியோ வாங்கினேன். ‘கரகரவென்கிறது’ என்று மாமா முதல் நாளே ஒதுக்கிவிட்டார். பிறகு அவரே முருங்கை மரத்துப் பக்கம் ஆணி அடித்து, அதில் மாட்டினால் தெளிவாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்தார். காலையில் அது பாடுகிறது. சொம்பில் இப்போது தண்ணீர்தான் இருக்கிறது. மழை பெய்தால் ரேடியோ உள்ளே வந்துவிடும், கரகரப்பும் திரும்பிவிடும், அன்றைக்கு மட்டும் போன் சொம்புக்கு வந்துவிடுகிறது.

என் பங்கு. ‘இரவு ஏழு முதல் ஒன்பது வரை குழுவில் பதில் சொல்ல மாட்டேன், அவசரம் என்றால் கூப்பிடுங்கள்’ என்று சங்கத்துக் குழுவில் போட்டேன். முதல் நாள் நான்கு பேர் கூப்பிட்டார்கள். நான்கு பேருக்கும் ஒரே அவசரம்: கொழுப்பு ஏன் 4.3 வராமல் 4.1 வந்தது. மாட்டிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறார்கள். இப்போது வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். எட்டரைக்கு மட்டும் அவன் அப்பாவுக்காக எடுக்கிறேன். யூடியூபில் ஓசூர் அண்ணா சொன்ன ஆட்டோபிளேயை மாமாவிடம் கேட்டு அணைத்தேன். ஹிஸ்டரியை அழிக்க அவர் சம்மதிக்கவில்லை.

பழையபேட்டை ஐயா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மாமா இளவயதில் சந்தூரில் ஒரு மாங்கன்று நர்சரியில் ஒட்டுக் கட்டியவர். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது, என் கணவரைக் கேட்டுத்தான் தெரிந்தது. ‘மாமா, கொல்லைக்கு நான்கு அல்போன்சா ஒட்டு வேண்டும், விலைக்கு வாங்கவா?’ என்றேன். வாங்குவதா என்று கோபம் வந்துவிட்டது. சமையலறைக் குப்பையில் போட்டிருந்த மாங்கொட்டைகள் முளைத்திருந்தன. அவற்றைத் தோண்டி எடுத்துப் பைகளில் வைத்தார். பரணிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்தார். துருப்பிடித்திருந்தது, அதைத் தீட்டவே ஒரு முழு நாள். அந்த ஒரு நாள் போன் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சார்ஜ் இறங்கிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

நல்ல மரத்திலிருந்து வெட்டிய ஒட்டுக் குச்சியின் அடியை ஆப்பு போல இரண்டு பக்கமும் சீவுகிறார். ஒரே இழுப்பு, இரண்டாவது முறை கத்தி படக் கூடாதாம். கன்றின் தண்டை நடுவில் பிளந்து, அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றுகிறார். கத்தியைப் பையன் தொடக் கூடாது. நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. ‘மூச்சு விடாதே, ஆடுகிறது’ என்பார். அவனும் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பான். பன்னிரண்டு கட்டினார்கள். ஏழு கருகிவிட்டது. ஐந்து துளிர்த்திருக்கிறது, செம்புப் பாத்திரம் மாதிரி நிறம்.

பள்ளி வேன் வந்ததும் இப்போது நேராகக் கொல்லைக்குத்தான் ஓடுகிறான். மாமா அங்கேயே கல்லில் போனை வைத்துப் பழைய பாட்டுப் போட்டுவிடுகிறார். திரை கவிழ்ந்திருக்கிறது, பாட்டு மட்டும் கேட்கிறது. அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அரூர் அம்மா திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

புதுத் தலைவலி ஒன்று சேர்ந்திருக்கிறது. கட்டிய ஒட்டில் ஈரம் போகாமல் மேலே ஓர் உறை கவிழ்க்க வேண்டும். குச்சி ஐஸ் வருகிற நீளமான பிளாஸ்டிக் உறைதான் அதற்குப் பொருத்தமாம், நர்சரியிலும் அதுதானாம். இதைத் தாத்தா சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து பையன் தினமும் வேனிலிருந்து இறங்கும்போதே ‘இன்றைக்கு எத்தனை ஒட்டு?’ என்று கேட்கிறான். எத்தனை ஒட்டோ அத்தனை ஐஸ். நேற்று இருமல். மாமாவைக் கேட்டால், ‘உறை இல்லாமல் எப்படி அம்மா கட்டுவது?’ என்கிறார். அவர் கையிலும் ஓர் ஐஸ் இருந்தது.